பையைத் திருப்பிப் பாருங்கள்: நாய்க்குட்டி உணவின் லேபிளை வாசிக்கும் முறை

கடையில் வாங்கும் நாய்க்குட்டி உணவின் முன்பக்கம் முழுக்க விளம்பரம்தான். பிரீமியம், சூப்பர் பிரீமியம், ஹோலிஸ்டிக் போன்ற சொற்களுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது; யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதை எந்த வரிசையில் வாசிப்பது என்பதில்தான் புதிதாக நாய் வளர்ப்பவர்கள் தடுமாறுகிறார்கள். பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது மூலப்பொருள் பட்டியல். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, பலர் கண்ணிலேயே படாத ஒரு வாக்கியம்: இந்த உணவை மட்டுமே கொடுத்தால் போதுமா, எந்தப் பருவத்து நாய்க்கு உரியது என்று சொல்வது.

முதல் படி: ஊட்ட நிறைவு வாக்கியம்

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வகுத்த அளவுகளைத்தான் உலகின் பல பகுதிகளில் தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். லேபிளில் அந்தச் சங்கத்தின் பெயர் ஐந்து ஆங்கில எழுத்துகளாக இருக்கும்: ஏ, ஏ, எஃப், சி, ஓ. வாய்வழக்கில் ஆஃப்கோ. ஐரோப்பியத் தயாரிப்புகள் ஃபெடியாஃப் என்ற கூட்டமைப்பின் அளவுகளைப் பின்பற்றும். அவற்றின் லேபிளில் ‘கம்ப்ளீட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘காம்ப்ளிமெண்டரி’ என்று போட்டிருந்தால் அது துணை உணவு. அதை மட்டுமே கொடுத்து ஒரு குட்டியை வளர்க்க முடியாது. ஆஃப்கோ லேபிள்களில் இதே எச்சரிக்கை ‘இண்டர்மிட்டண்ட் ஆர் சப்ளிமெண்டல் ஃபீடிங்’ என்று வரும். டின்களிலும் சிறு பவுச்சுகளிலும் இது அடிக்கடி தென்படும்.

அடுத்து, எந்தப் பருவத்துக்கான உணவு என்று பாருங்கள். ‘குரோத்’ அல்லது ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்று இருந்தால் குட்டிக்குக் கொடுக்கலாம். ‘மெயின்டனன்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது வளர்ந்த நாய்க்கானது. வேறுபாடு சிறியதில்லை. ஈரத்தை நீக்கிய கணக்கில், வளரும் குட்டியின் உணவில் புரதம் குறைந்தது 22.5 சதவீதமும் கொழுப்பு 8.5 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது ஆஃப்கோ. வளர்ந்த நாய்க்கு இவை 18, 5.5. கால்சியத்தில் இடைவெளி இன்னும் பெரிது: குட்டிக்கு 1.2 சதவீதம், வளர்ந்ததற்கு 0.5 சதவீதம் போதும். பையின் முன்னால் குட்டிப் படம் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். இந்த வாக்கியத்தை நம்புங்கள்.

உங்கள் குட்டி வளர்ந்து 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோவைத் தொடும் இனம் என்றால் வாக்கியத்தின் கடைசிச் சொற்களையும் விடாமல் படியுங்கள். பெரிய அளவு நாய்களின் வளர்ச்சியையும் ‘இன்க்ளூடிங்’ என்று சேர்த்திருப்பார்கள், அல்லது ‘எக்செப்ட்’ என்று விலக்கியிருப்பார்கள். ‘எக்செப்ட்’ என்றிருந்தால் கிரேட் டேன், ராட்வைலர், மாஸ்டிஃப் வகைக் குட்டிகளுக்கு அந்தப் பை வேண்டாம். லாப்ரடார் ஆண்கள் இந்த எல்லைக் கோட்டிலேயே நிற்பவை. அவற்றையும் பெரிய இனமாகக் கருதுவதே பாதுகாப்பு. கலப்பினக் குட்டி, எவ்வளவு வளரும் என்று சொல்ல முடியாது என்றாலும் பெரிய இன உணவையே எடுங்கள். அது சிறிய குட்டிக்குத் தீங்கு செய்யாது.

ஊட்டம் நிறைவாக இருக்கிறது என்பதை நிறுவனம் இரண்டு வழிகளில் காட்டலாம். ‘ஃபார்முலேட்டட் டு மீட்’ என்றால் சத்துகளின் அளவு அட்டவணையோடு பொருந்துகிறது என்று பொருள். ‘ஃபீடிங் டெஸ்ட்ஸ்’ என்றால் நாய்களுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வளர்ச்சிக்கான சோதனை குறைந்தது 8 குட்டிகளோடு 10 வாரம் நடக்கும். எடையும் சில இரத்த அளவுகளும் பார்க்கப்படும். குட்டி அதைத் தின்று செரித்து வளர்ந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் 10 வாரத்தில் வெளிப்படாத குறை வெளிப்படாமலே போகலாம். ஆகவே ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று பிரிக்க வேண்டாம். இரண்டும் செய்த தயாரிப்பு கிடைத்தால் நல்லது.

இரண்டாம் படி: கால்சியம்

வளரும் குட்டிகளுக்கு உணவால் நேரும் கேடுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வளர்ந்த நாயின் உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை மட்டும் குடலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடும். சுமார் ஆறு மாதம் வரை குட்டிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு முழுதாக அமைவதில்லை. உணவில் எவ்வளவு வருகிறதோ அதில் ஒரு பங்கு, வேண்டியிருந்தாலும் வேண்டாவிட்டாலும், உடம்புக்குள் போய்விடும். கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், கால்சியம் மிகுந்த உணவு தின்றவற்றுக்கு எலும்பு வளர்ச்சியே கோணலானது. குருத்தெலும்பு எலும்பாக மாறுவதில் தடங்கல், மூட்டில் குருத்தெலும்புத் துண்டு பிரிந்து வருவது, முன்னங்கால் வளைவது என்று அது வெளிப்படும். வேகமாக எடை கூடும் பெரிய இனங்களுக்கே ஆபத்து அதிகம்.

ஆஃப்கோ அளவில் கால்சியத்தின் மேல் எல்லை 2.5 சதவீதம், பெரிய இனங்களின் வளர்ச்சிக்கு 1.8 சதவீதம். பாஸ்பரஸ் குறைந்தது 1.0, அதிகபட்சம் 1.6. இவை எல்லாமே ஈரத்தை நீக்கிய கணக்கு. கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் 1:1 முதல் 2:1 வரை இருக்கலாம்.

பல லேபிள்களில் கால்சியத்தைக் ‘குறைந்தபட்சம்’ என்று மட்டும் போடுவார்கள். குறைந்தபட்சம் 1.2 என்று அச்சடித்த பைக்குள் 2.3 இருந்தாலும் லேபிள் பொய் சொன்னதாகாது. பெரிய இனக் குட்டி வளர்ப்பவர்கள் நிறுவனத்துக்கு எழுதி, சராசரி அளவு எவ்வளவு என்று கேளுங்கள். ஆயிரம் கலோரிக்கு எத்தனை கிராம் என்று கேட்பது இன்னும் தெளிவு, 3.0 முதல் 4.5 கிராம் வரை என்பது பெரிய இனத்துக்கு உரிய இடைவெளி.

இவ்வளவு கவனமாகப் பை வாங்கிவிட்டு, எலும்பு உறுதியாகட்டும் என்று மேலே கால்சியம் சிரப் ஊற்றுவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முழுமையான குட்டி உணவு தின்னும் ஆரோக்கியமான குட்டிக்குக் கால்சியம் மாத்திரை, சிரப், எலும்புத் தூள் எதுவும் வேண்டாம். மிகைக் கால்சியம் துத்தநாகம் உடலில் சேருவதையும் தடுக்கிறது. தோல் பொருக்குத் தட்டும் குட்டிகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். வைட்டமின் டி சொட்டு மருந்தும் அப்படியே. கொழுப்பில் கரையும் அந்த வைட்டமின் உடம்பில் தேங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உணவோடு வேகவைத்த எலும்பில்லாத இறைச்சியைத் தாராளமாகச் சேர்ப்பவர்கள், அதில் கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். இறைச்சி மட்டுமே தின்று வளரும் குட்டி, இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்கத் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். நொண்டுதல், தொட்டால் கத்துதல், லேசாக விழுந்தாலே எலும்பு முறிதல் எல்லாம் அதன் பின்விளைவுகள். உணவுக்கு வெளியே கொடுக்கும் எதுவும், பயிற்சிக்கான தின்பண்டம் உட்பட, நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

மூன்றாம் படி: எண்களை ஒரே தளத்துக்குக் கொண்டுவருதல்

‘கேரண்டீட் அனாலிசிஸ்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும்: குறைந்தபட்சப் புரதம், குறைந்தபட்சக் கொழுப்பு, அதிகபட்ச நார், அதிகபட்ச ஈரம். ஒரு பையில் புரதம் 28, ஒரு டின்னில் புரதம் 9 என்றிருந்தால் பைதான் உயர்ந்தது என்று தோன்றும். டின்னில் முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. 100-இலிருந்து ஈரத்தைக் கழியுங்கள். சத்தின் சதவீதத்தை அந்த விடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். பையில் ஈரம் 10 என்றால் 28 ÷ 90 × 100 = 31 சதவீதம். டின்னில் ஈரம் 78 என்றால் 9 ÷ 22 × 100 = 41 சதவீதம். ஈரத்தை நீக்கிப் பார்த்தால் டின்னில்தான் புரதம் அதிகம். கால்சியத்துக்கும் கொழுப்புக்கும் இதே கணக்குதான். பையில் கால்சியம் 1.3, பாஸ்பரஸ் 1.0 என்று போட்டிருந்தால், ஈரம் நீக்கிய அளவு 1.44, 1.11, விகிதம் 1.3:1. இது நல்ல இடம்.

மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலோர் அச்சடிப்பதில்லை. 100-இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது அதுதான். சாம்பல் போடவில்லை என்றால் உலர் உணவுக்கு 7 என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பல் என்பது எரித்த பிறகு மிஞ்சும் தாதுக்களின் பெயர். உணவில் சாம்பலைக் கலக்கிறார்கள் என்று அஞ்ச வேண்டாம்.

‘குரூட் புரோட்டீன்’ என்ற எண்ணுக்கு உள்ள எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. அது இறைச்சியிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா, செரிக்குமா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. இந்த ஓட்டையைத்தான் 2007-இல் ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்தினார்கள். சீனாவிலிருந்து போன கோதுமைப் பசைப் புரதத்தில், நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்துவிட்டார்கள். சோதனையில் புரதம் கூடுதலாகத் தெரிந்தது. அது சேர்ந்த உணவைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகத்தில் படிகம் அடைத்து இறந்தன. வட அமெரிக்காவில் ஏராளமான பிராண்டுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. புரத எண் பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்குவது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குட்டி உணவில் ஈரம் நீக்கிய புரதம் 25 முதல் 32 வரை, கொழுப்பு 12 முதல் 20 வரை இருந்தால் பெரும்பாலான குட்டிகளுக்குப் போதும். பெரிய இனங்களுக்குக் கொழுப்பு இந்த வரம்பின் கீழ்ப்பாதியில் இருப்பது நல்லது. கொழுப்பு கூடினால் கலோரி கூடும், எடை வேகமாக ஏறும். புரதம் அதிகமானால் எலும்பு கெடும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். கெடுப்பது மிகைக் கலோரியும் மிகைக் கால்சியமும். டி ஹெச் ஏ என்ற மீன் எண்ணெய்க் கொழுப்பு மூளைக்கும் கண்ணுக்கும் உதவும். குட்டி உணவில் டி ஹெச் ஏ, அதே வகைக் கொழுப்பான ஈ பி ஏ இரண்டும் சேர்ந்து குறைந்தது 0.05 சதவீதம் என்று ஆஃப்கோ வைத்திருக்கிறது.

நான்காம் படி: மூலப்பொருள் பட்டியல்

பட்டியல் எடை வரிசைப்படி இருக்கும், சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழி இறைச்சியில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். 30 கிலோ கோழி முதலிடத்தில் இருந்தாலும் காய்ந்தபின் 9 கிலோதான். இரண்டாம் இடத்தில் உள்ள 25 கிலோ அரிசி காய்ந்தபின்னும் சுமார் 22 கிலோ இருக்கும். அதனால் ‘முதல் பொருள் இறைச்சி’ என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ‘சிக்கன் மீல்’ என்பது ஏற்கெனவே வேகவைத்து, கொழுப்பும் நீரும் நீக்கிப் பொடித்தது. பெயர் அழகாக இல்லாவிட்டாலும் கிலோவுக்குக் கிலோ அதில் புரதம் பல மடங்கு. எந்தப் பிராணி என்று பெயர் சொல்லியிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ‘சிக்கன் மீல்’, ‘ஃபிஷ் மீல்’ நல்லது. ‘மீட் அண்ட் போன் மீல்’ என்று பொதுவாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் அது மாறக்கூடும். எலும்பு அதிகம் சேர்ந்தால் கால்சியமும் தாறுமாறாக ஏறும்.

‘பை-ப்ராடக்ட்’ என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. ஈரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் அதில் அடங்கும். சதையைவிட வைட்டமினும் தாதுவும் செறிந்தவை.

ஒரே பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவது பழைய உத்தி. சோளம், சோளப் பசைப் புரதம், சோளத் தவிடு என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கும், இறைச்சி மேலே ஏறும். பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி மாவு என்பதும் அதே வேலை. மனத்துக்குள் அவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு கைவசக் குறுக்குவழி: உப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். உணவில் உப்பு பொதுவாக ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். உப்புக்குக் கீழே உள்ள புளுபெர்ரி, மஞ்சள், மாதுளை எல்லாம் அதைவிடக் குறைவு. பை முன்னால் அவற்றின் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. மூட்டுக்கு நல்லது என்று விளம்பரம் செய்யப்படும் குளுக்கோசமைனும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பெயரிலும் கணக்கு உண்டு. அமெரிக்க விதிப்படி ‘சிக்கன் டாக் ஃபுட்’ என்றால் தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் சிக்கன். ‘சிக்கன் டின்னர்’, ‘சிக்கன் ரெசிபி’ என்றால் 25 சதவீதம். ‘வித் சிக்கன்’ என்றால் 3 சதவீதம். ‘சிக்கன் ஃபிளேவர்’ என்றால் சுவை தெரிந்தால் போதும்.

பட்டியலில் மறுக்க வேண்டியவை சில. சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு; அது கண்ணில் பட்டால் பையை வைத்துவிடுங்கள். வெங்காயத் தூள் சேர்ந்த தின்பண்டமும் வேண்டாம். செயற்கை நிறம் நாய்க்கு எந்த வகையிலும் பயன்படாது. கெடாமல் காக்கும் பொருள் மட்டும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கொழுப்பு காறிப்போகும். ‘மிக்ஸ்டு டோகோஃபெரால்ஸ்’ என்பது வைட்டமின் ஈ வகை. ரோஸ்மேரிச் சாறும் இந்த வேலையைச் செய்யும். பி ஹெச் ஏ, பி ஹெச் டி இரண்டும் செயற்கைக் காப்புப் பொருள்கள், அனுமதிக்கப்பட்ட அளவில் பயன்படுபவை. தவிர்க்க நினைப்பவர்களுக்கு மாற்று கிடைக்கிறது.

தானியமில்லா உணவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தானியத்தை நீக்கினால் அந்த இடத்தைப் பட்டாணி, பயறு, உருளைக்கிழங்கு பிடிக்கும். மாவுச்சத்து குறைவதில்லை. இத்தகைய உணவு தின்ற நாய்களில் இதயத் தசை விரிந்து பலமிழக்கும் நோய் காணப்படுவதாக வந்த தகவல்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் ஆராயத் தொடங்கியது. காரண காரியத் தொடர்பு இன்றுவரை முடிவாக நிறுவப்படவில்லை. தானியம் ஒவ்வாத குட்டிகள் மிகக் குறைவு. ஒவ்வாமை பெரும்பாலும் மாட்டிறைச்சி, பால், கோழி போன்றவற்றின் புரதத்தால்தான் வருகிறது. மருத்துவர் சொல்லாமல் தானியமில்லா உணவைத் தேடிப் போக எந்தக் காரணமும் இல்லை என்பதே எங்கள் முடிவு.

ஐந்தாம் படி: நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

கால்நடை ஊட்டவியலில் முனைவர் பட்டமோ சிறப்புத் தகுதியோ பெற்ற ஒருவர் முழுநேரமாக வேலை செய்கிறாரா? சொந்த ஆலையிலா, வெளியாள் ஆலையிலா தயாரிப்பு? முடிந்த தயாரிப்பைத் தொகுதிதோறும் சோதிக்கிறார்களா, பூஞ்சை நஞ்சு உட்பட? முழுச் சத்துப் பட்டியலைத் தருவார்களா? ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். நேரான பதில் தரும் நிறுவனத்தை நம்பலாம். ‘எங்கள் ரகசியச் செய்முறை’ என்று மழுப்பினால் அடுத்த பிராண்டுக்குப் போங்கள்.

ஆறாம் படி: எவ்வளவு கொடுப்பது

பையில் அச்சடித்த அளவு பல குட்டிகளுக்குக் கூடுதலாக இருக்கும். கலோரியை வைத்து நீங்களே கணக்கிடுங்கள். கிலோவில் உள்ள எடையை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வர்க்கமூலத்தை இரண்டு முறை எடுத்து, 70-ஆல் பெருக்கினால் ஓய்வில் தேவைப்படும் கலோரி. நான்கு மாதம் வரை அதன் மூன்று மடங்கு, பிறகு வளர்ந்து முடியும் வரை இரண்டு மடங்கு.

மூன்று மாதக் குட்டி, 6 கிலோ: 6 × 6 × 6 = 216. வர்க்கமூலம் 14.7, மறுபடி எடுத்தால் 3.83. அதை 70-ஆல் பெருக்க 268. மூன்று மடங்கு 805 கலோரி. பையில் கலோரி இல்லாவிட்டால் புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். புரதம் 28, கொழுப்பு 15, மாவுச்சத்து 37 என்றால் 98 + 127.5 + 129.5 = 355 கலோரி, 100 கிராமுக்கு. ஆக ஒரு நாளைக்கு 227 கிராம், மூன்று வேளையாகச் சுமார் 75 கிராம். தின்பண்டம் கொடுத்தால் அந்தக் கலோரியை இதில் கழித்துவிடுங்கள். கப்பால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கப்பில் தினமும் அளவு மாறும்.

இது தொடக்க எண் மட்டுமே. வாரம் ஒருமுறை எடை பாருங்கள், விலாவைத் தடவுங்கள். விலா எலும்பு பார்வைக்குத் துருத்தாமல் விரலுக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சிறுக்க வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அளவில் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். கொழுகொழுவென்ற குட்டி கண்ணுக்கு அழகுதான், ஆனால் மூட்டுக்குச் சுமை. 48 லாப்ரடார்களை எட்டு வார வயதிலிருந்து ஆயுள் முழுதும் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. 25 சதவீதம் குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, அவற்றோடு இணைசேர்த்து ஒப்பிடப்பட்ட நாய்களுடையது 11.2 ஆண்டு. மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது.

மாற்றுவதும் வைத்துக்கொள்வதும்

புது உணவுக்கு ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். பிறகு பழி உணவின் மேல் விழும். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், ஏழு முதல் பத்து நாளில் முழுதும் புதியது. மலம் வடிவம் குலையாமல், ஈரமாக, எடுத்தால் தரையில் ஒட்டாமல் வர வேண்டும். முழுதாக மாற்றி இரண்டு வாரம் கழித்தும் கூழாக இருந்தால் அளவு கூடுதலா என்று முதலில் பாருங்கள், அடுத்து உணவைச் சந்தேகியுங்கள். இரத்தம், வாந்தி, சோர்வு இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். உடல்ரோமத்தில் மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

பையைப் பிரித்தபின் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தீரும் அளவையே வாங்குங்கள். உணவை அதன் பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். வெறும் டப்பாவில் கொட்டினால் அடியில் தேங்கும் பழைய எண்ணெய் காறிப் புதியதையும் கெடுக்கும். பையில்தான் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கின்றன. உணவைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் அவை வேண்டும். 27 டிகிரிக்குக் கீழே, ஈரம் படாத இடம் நல்லது. பெயிண்ட் வாடை, பூஞ்சை, பொட்டலத்தில் ஓட்டை தெரிந்தால் கொடுக்காதீர்கள்.

சிறிய இனங்கள் 9 முதல் 12 மாதத்திலும், பெரியவை 12 முதல் 18 மாதத்திலும், மிகப் பெரியவை 24 மாதம் வரையிலும் வளர்ந்து முடியும். அதுவரை குட்டி உணவுதான். இடையில் கருத்தடை அறுவை செய்தால் கலோரித் தேவை குறைந்துவிடும், பசியோ கூடும். அந்த மாதத்தில் தராசை இன்னும் அடிக்கடி எடுங்கள்.